ஆரோக்கியமானவள் என்று கையொப்பமிட்டேன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "தலையில ஷாக்கு அடிச்சாங்களா?"

இல்லை. ஷாக் இல்லை, ஊசி இல்லை, கத்தியும் இல்லை. தலைக்கு மேலே ஒரு காந்தத்தைப் பிடித்தார்கள், அவ்வளவுதான். காந்தம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. தப்பு செய்தது நான். வந்தவர்களிடம் அரையும் குறையுமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. முழுசாக ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு குளத்தூர்ப் பக்கம். பாறசாலையில் ஆதாரம் எழுதுவது தொழில். அதிர்த்திக்கு, அதாவது மாநில எல்லைக்கு, அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பத்திரம் என்பதை நாங்கள் ஆதாரம் என்போம். விற்கிற சொத்தில் வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை, வழக்கு இல்லை, எதையும் மறைக்கவில்லை என்று ஒரு வாசகம் ஒவ்வொரு ஆதாரத்திலும் வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதை ஒப்பிப்பேன். கணவர் சசி மின்வாரியத்தில் லைன்மேன். ஒரே மகள் அனு, இருபத்து நான்கு வயது, நெய்யாற்றின்கரையில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள்.

போன வருஷம் ஒரு பெண் தன் அம்மாவோடு எட்டு சென்ட் நிலம் வாங்க வந்தாள். பெயர் நிமிஷா. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூளை நரம்பு டாக்டர், ஆராய்ச்சியும் செய்கிறாள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. ஆதாரத்தை நான் படித்துக் காட்டியபோது ஒரு வரி விடாமல் கேட்டாள். அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. போகும்போது மலையாளத்தில் கேட்டாள்: "சேச்சி, நாற்பது தாண்டின, எந்த நோயும் இல்லாத ஆட்கள் என் ஆராய்ச்சிக்கு வேணும். நீங்கள் வருவீர்களா?"

மூளை ஒரு தடவை உருவாகிவிட்டால் அப்படியே நிற்பதில்லை, புதிதாக எதையாவது பழகும்போது அதன் உள் இணைப்புகள் மாறுகின்றன என்றாள். அந்த மாறும் திறமை வயதாகும்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது, வெளியிலிருந்து காந்தத்தால் தட்டினால் கூடுகிறதா என்று பார்க்கிறாளாம். முதலில் சுகமாக இருப்பவர்களிடம் தெரிந்துகொண்டால்தான் பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்கு நாளை பயன்படுத்த முடியும்.

நல்ல காரியம்தான். ஆனால் நான் போனது அதற்காக இல்லை. 'எந்த நோயும் இல்லாத ஆள்' என்று ஒரு டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னாளே, அந்தச் சொல்லுக்காகப் போனேன். அதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று எத்தனையோ வருஷம் காத்திருந்தவள் நான்.

சசிக்கு இஷ்டமில்லை. "காந்தம்னாலும் உள்ள போறது கரண்டாக்கும். கரண்டு எங்கிட்ட பேசுத மாதிரி உங்கிட்ட பேசாது, கேட்டியா" என்றார். அவர் சொன்னதில் பாதி சரிதான், அந்தக் காந்தம் மூளைக்குள் ஒரு சின்ன மின்சாரத்தைத்தான் எழுப்பும்.

முதல் நாள் நான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள். தலைக்குள் உலோகம் உண்டா, பேஸ்மேக்கர் உண்டா, கர்ப்பமா என்று ஒவ்வொன்றாகக் கேள்வி. மூன்றாம் பக்கத்தில், எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா, குழந்தைப் பருவத்திலாவது? நான் ஆதாரம் எழுதுகிறவள். அவசரத்தில் பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். கீழே கையொப்பமும் போட்டேன்.

எனக்கு ஏழு வயதில் வலிப்பு வந்தது. பதிமூன்றில் ஒருமுறை, பதினாறில் ஒருமுறை. அப்பாவும் விஜயன் அண்ணனும் என்னைப் பாறசாலையில் ரயிலேற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். திருவனந்தபுரத்தில் இல்லாத டாக்டரா அங்கே இருந்தார்? அதற்கில்லை. எங்கள் ஊர்களில் சில நோய்களை அதிர்த்திக்கு அந்தப் பக்கம்தான் காட்டுவார்கள். கல்யாணத்துக்கு விசாரிக்கிறவர்கள் இந்தப் பக்கம் விசாரிப்பார்கள், சீட்டும் மாத்திரையும் அந்தப் பக்கம் கிடக்கும். அங்கிருந்து இதே காரியத்துக்கு நெய்யாற்றின்கரைக்கு வருகிறவர்களும் உண்டு. மாதம் ஒருமுறை நான் "மார்த்தாண்டத்துப் பெரியம்மை வீட்டுக்கு" போய் வந்தேன். சசி வீட்டார் பெண் கேட்டு வந்தபோது பாறசாலையில் யாரிடம் கேட்டாலும் நான் தலைவலிகூட இல்லாத பெண்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றரை வருஷம் மாத்திரையைப் பவுடர் டப்பாவுக்குள் வைத்துச் சாப்பிட்டேன். அனு வயிற்றில் வந்ததும் பயந்துபோய் நானாகவே நிறுத்தினேன். இதைப் படிக்கிற யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் கேடாகிவிட்டது. ஒரு வருஷம், ஐந்து வருஷம், இருபது வருஷம் ஒன்றும் வரவில்லை என்றதும், வந்ததே இல்லை என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

பரிசோதனை அறையில் பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒரு நாற்காலி. கம்மல், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எட்டு என்ற எண்ணின் வடிவத்தில், கைப்பிடி வைத்த ஒரு கம்பிச் சுருளைத் தலையில் ஒட்டினாற்போல் பிடிப்பார்கள், அதுதான் காந்தம். டக்கென்று ஒரு சத்தம், மண்டையில் ஒரு சுண்டு. உடனே என் வலது கைப் பெருவிரல் தானாகத் துள்ளும். நான் துள்ளச் சொல்லவில்லை, அது துள்ளுகிறது. முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு துள்ளுகிறது என்று கையில் ஒட்டிய கம்பி வழியாகக் கணினி எழுதிக்கொள்ளும். பிறகு சில நிமிஷம் வேகமாக, தொடர்ச்சியாகத் தட்டுவார்கள். அதற்குப் பின் மறுபடி ஒற்றைத் தட்டு. இப்போது விரல் முன்னைவிட அதிகம் துள்ளினால், மூளையின் அந்த இடம் கொஞ்ச நேரத்துக்கு இளகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் விரலால் ஒரு தாளத்தைப் பழகச் சொல்வார்கள்.

இரண்டு நாள் நன்றாகவே போயிற்று. இரண்டாம் நாள் நிமிஷா, "சேச்சியின் மூளை நல்ல மாணவி" என்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரிடமும் அதைச் சொல்லிப் பெருமையடித்தேன்.

மூன்றாம் நாளுக்கு முந்தின இரவு நான் சரியாக உறங்கவில்லை. அனுவுக்குக் காட்டாக்கடையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, பையனும் அவளும் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்கு நாள் குறிக்க வரப்போகிறோம் என்று அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். அந்தக் கணக்கும் இந்தக் கணக்குமாகப் புரண்டுகொண்டு கிடந்தேன். "நன்றாக உறங்கினீர்களா?" என்று நிமிஷா கேட்டாள். உறக்கம் குறைந்தால் வலிப்பு எளிதில் வருமாம், அதனால் அதையும் கேட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். "உறங்கினேன்" என்றேன். அதுவும் பொய்.

வேகத் தட்டு ஆரம்பித்தது ஞாபகமிருக்கிறது. பெருவிரல் இழுத்தது, பிறகு கை முழுவதும் இழுத்தது, "நிறுத்து" என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

விழித்தபோது வாயில் ரத்தச் சுவை. நாக்கு தடித்துப்போய் இருந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலி. என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினாறு வயதுக்குப் பிறகு மறந்திருந்த அந்தச் சுவையை நாக்கு உடனே கண்டுபிடித்துவிட்டது. படுக்கையில் கிடந்து, வெட்கமில்லாமல் சொல்கிறேன், 'சசிக்குத் தெரிந்துவிட்டதா' என்றுதான் முதலில் பயந்தேன். உயிர் இருக்கிறதே என்று தோன்றியது அதற்குப் பிறகுதான்.

சசி கால்மாட்டில் யூனிஃபார்மோடு நின்றார். வேலையிலிருந்து நேரே ஓடி வந்திருக்கிறார். "பயப்படாண்டாம். மெஷினுக்க கோளாறாக்கும். நான் அப்பவே சொன்னேன்லா" என்று என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

நிமிஷா என் முகத்தருகே குனிந்து கேட்டாள்: "சேச்சி, இதற்கு முன்பு எப்போதாவது வந்திருக்கிறதா? யோசித்துச் சொல்லுங்கள்."

சசி கேட்டுக்கொண்டு நின்றார். "இல்லை" என்றேன்.

வார்டில் ஐந்து நாள் இருந்தேன். முதலில் ஈஈஜி. தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து பசை தடவி, இருபது சொச்சம் கம்பிகளை ஒட்டி, மூளையில் ஓடுகிற மிகச் சிறிய மின்சாரத்தைக் கோடு கோடாக எழுதி எடுப்பார்கள். வலியில்லை, ஆனால் அந்தப் பசை முடியை விட்டுப் போக மூன்று தடவை குளிக்க வேண்டும். அனு லீவு போட்டு வந்து, வெந்நீர் பிடித்து, முடியைச் சிக்கெடுத்துவிட்டாள். "அம்ம, ஞாயிற்றுக்கெழமைக்குள்ள நீ வீட்டுக்கு வந்துரணும், கேட்டியா. எனக்கு சேலை உடுத்தித்தர வேற ஆளில்ல" என்றாள். அவள் விரல் தலையில் படப்பட எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்தது எம்.ஆர்.ஐ. உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பதால் தாலிச் செயினைக் கழற்றிச் சசியிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானையும் மாட்டிக்கொண்டார். குழாய்க்குள் படுத்திருக்கையில் கல் உடைக்கிற சத்தம் அரைமணி நேரம். அதில் தெரிந்துவிடுமோ, பொய்யைப் படம் பிடித்துவிடுமோ என்று நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

தெரிந்துவிட்டது. மூளையின் இடது பக்கம், காதுக்கு நேரே உள்ளே, ஒரு சின்னத் தழும்பு. "இது இன்று வந்தது இல்லை, மிகப் பழையது" என்று பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். இந்த மாதிரித் தழும்பிலிருந்து வலிப்பு கிளம்பலாமாம். "சின்ன வயதில் என்ன நடந்தது?" என்று கேட்டார். கடும் காய்ச்சல் ஒன்று வந்ததாக அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்றேன். வலிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வெறும் காந்தத்தால் வந்த ஒற்றை வலிப்பு என்றால் மருந்து வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். முன்பே இருக்கிற நோய் என்றால் தினமும் மருந்து, நிறுத்தாமல். எது என்று அவர்களால் முடிவுகட்ட முடியவில்லை. பில்லும் எங்களிடம் வரவில்லை, ஆராய்ச்சிக் கணக்கில் போயிற்று. அதுவும் உறுத்தியது.

மூன்றாம் நாள் விஜயன் அண்ணன் வந்தான். சசி டீ வாங்கப் போன நேரம் பார்த்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மக்கா, நீ வாய தொறக்காண்டாம். மெஷின்தான் காரணம்னு அவங்களே நெனைக்குதாங்க. அத அப்பிடியே விட்டுரு."

"அண்ணா, படத்துல தழும்பு தெரியுது."

"தெரியட்டும். தழும்பு வந்து பேசுமா? அம்மைக்கு உண்டும்னா மகளுக்கும் உண்டும்னுதான் நாடு பேசும். காட்டாக்கடக்காரனுக்கு ஒரு வார்த்த எட்டினா அனுவுக்க கல்யாணம் அதோட தீந்துது. அப்பா சாவுத வர காப்பாத்தின விஷயமாக்கும் இது."

அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அந்த ரயிலில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன். சரி என்று தலையாட்டினேன்.

அன்றைக்கே மத்தியானம் நிமிஷா தனியாக வந்தாள். வெள்ளைக் கோட் இல்லை. கண் வீங்கியிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சேச்சி என்னை மன்னிக்க வேண்டும்" என்று ஆரம்பித்தாள். ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்களாம், மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சரியாக விசாரித்துத்தான் ஆள் எடுத்தாளா என்று ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கமிட்டி அவளைக் கேட்கப் போகிறது. "காந்தத்தின் அளவை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறேன். எங்கோ நான் பிழை செய்திருக்கிறேன். எங்கே என்றுதான் தெரியவில்லை."

என் பொய்க்கு அவள் மன்னிப்புக் கேட்கிறாள். இதைவிடக் கேவலமாக நான் என்னை உணர்ந்ததில்லை. அனு வயதைவிட ஏழெட்டு வயதுதான் அவளுக்கு அதிகம் இருக்கும். அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சசி வேறொருவர் வாயிலிருந்து கேட்கக்கூடாது என்று நினைத்தேன். "நாளை வாருங்கள்" என்றேன்.

சாயங்காலம் சசி கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார். நாக்குப் புண்ணுக்காகக் கஞ்சியை ஆறவைத்து, கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இது மெஷினுக்க குத்தம் இல்ல. எனக்கு சின்னதிலயே உண்டு."

கரண்டி நின்றது. "என்னது உண்டு?"

"வலிப்பு."

"எத்தன வயசில?"

"ஏழு. பதிமூணு. பதினாறு."

"மருந்து?"

"கல்யாணம் முடிஞ்சும் ஒண்ணர வருஷம் தின்னேன். பவுடர் டப்பாக்குள்ள வச்சு. அனு வயித்துல வந்தப்ப நிறுத்திட்டேன்."

"அனு வயித்துல இருக்கும்போ..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கஞ்சிப் பாத்திரத்தை ஜன்னல் திண்டில் வைத்தார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். குரல் உயரவே இல்லை.

"நான் போஸ்டுல ஏறுதவனாக்கும். கீழ நிக்குதவன் லைன் ஆஃபுன்னு சொன்னா, நம்பிக் கை வைப்பேன். அவன் பொய் சொன்னா நான் உண்டா? நீ இருபத்தஞ்சு வருஷமா எங்கிட்ட லைன் ஆஃபுன்னு சொல்லிட்டிருந்திருக்க. உனக்கு என்னமும் வந்திருந்தா நான் என்ன செய்வேன், எந்த டாக்டர்ட்ட ஓடுவேன், ஒண்ணும் தெரியாம நின்னிருப்பேன்லா."

எழுந்து போய்விட்டார். வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். நர்ஸ் வந்து, வராந்தா பெஞ்சில்தான் இருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை என்றாள்.

மறுநாள் நிமிஷாவிடம் சொன்னேன். அவளுக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "அந்த நாற்காலியில் உங்கள் மூச்சு நின்றுபோயிருந்தால்? படிவத்தில் அந்தக் கேள்வி என்னைக் காப்பாற்ற இல்லை சேச்சி, உங்களைக் காப்பாற்ற." சொல்லிவிட்டு அழுதாள், நானும் அழுதேன். பிறகு ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, எந்த வயதில், எந்த ஊரில், என்ன மருந்து என்று ஒன்று விடாமல் எழுதி, படிவத்தில் நான் அறிந்தே பொய் சொன்னேன், விசாரித்தவர் மேல் குறை இல்லை என்று கையொப்பமிட்டுக் கமிட்டிக்குக் கொடுத்தேன். அன்றிரவே மருந்து தொடங்கினார்கள். காலை எட்டு, இரவு எட்டு, ஒரு நாளும் தவறக்கூடாது.

இது மகளுக்கும் வருமா என்று நிமிஷாவிடம் கேட்டேன். தழும்பினால் வருகிற வலிப்பு சாதாரணமாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிற நோய் இல்லை என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை வீடு வந்ததும் காட்டாக்கடைப் பையனின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். எல்லாம் சொன்னேன். "ஓ... நாங்க ஆலோசிச்சிட்டு சொல்லுதோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத் தரகர், ஜாதகத்தில் ஏதோ பொருத்தக் குறைவு கண்டிருக்கிறார்கள் என்றார்.

உண்மை பேசின உற்சாகத்தில் நான் இன்னொரு தப்பு செய்திருந்தேன். அனுவிடம் சொல்வதற்கு முன் அவர்களிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பையன் கேட்டுத்தான் அவளுக்கே தெரிந்திருக்கிறது.

"நீ சொன்னதுல எனக்கு கோவம் இல்ல அம்ம" என்றாள். "எனக்க அம்மைக்கு என்ன நோய்னு ஊரான் சொல்லி நான் கேக்கணுமா?" அப்புறம் பல நாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ராத்திரி அவள் அறையில் போன் பேச்சு இல்லாமல் வீடே அடங்கிப்போயிற்று. அவளுக்கு அந்தப் பையனை உண்மையிலேயே பிடித்திருந்தது. அது என்னால் போயிற்று. அதற்கு நான் என்ன சமாதானம் சொல்லியும் பயனில்லை.

விஜயன் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். நிமிஷாவின் ஆராய்ச்சி சில மாதத்தில் மறுபடி தொடங்கியது என்று கேள்விப்பட்டேன். சசி எல்லாம் பேசுவார், பால்காரன், மழை, ஆபீஸ், எல்லாம். நோயைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. நானும் மாத்திரையை அடுக்களையில், மல்லி டப்பாவுக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் விழுங்கினேன். ஒளிக்க இனி என்ன இருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் கை அப்படித்தான் போயிற்று.

போன மாதம் நெய்யாற்றின்கரையிலிருந்து இன்னொரு வீட்டார் அனுவைப் பார்க்க வந்தார்கள். ஞாயிறு ராகுகாலம் முடிந்து கிளம்பி, ஹைவே நெரிசலில் மாட்டி, வந்து சேரும்போது ஏழரை. பையன், அவன் அப்பா, அம்மா. நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். டீ குடித்து, ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் தின்று, பையன் அனுவிடம் பேங்க் வேலை பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவர்களிடம் எப்போது சொல்வது, இன்றைக்கா, பிடித்திருந்தால் அப்புறமா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் சொல்லலாம் என்றே மனம் இழுத்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டாகப் போகிறது. இவர்கள் போன பிறகு மாத்திரையை விழுங்கிக்கொள்ளலாம் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

சசி என் பக்கம் திரும்பினார். எல்லாருக்கும் கேட்கிற குரலில், மழை வருகிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

"ஷைலஜே, மணி எட்டாச்சு. மாத்திர தின்னல்லியா?"

ஐந்து மாதத்தில் அவர் அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

பையனின் அப்பா மரியாதையாகச் சிரித்தார். "பிரஷரா? எனக்கும் உண்டும்."

ஆமாம் என்றால் போதும். அவர் தன் மாத்திரையைப் பற்றிப் பேசுவார், நானும் தலையாட்டலாம். அனு டீ கிளாசுகளை அடுக்கிய தட்டோடு நின்று என்னைப் பார்த்தாள். சசி பார்க்கவில்லை. அவர் மேசையிலிருந்த செம்பை எடுத்து ஒரு கிளாசில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பிரஷர் இல்ல. எனக்கு வலிப்பு உண்டு" என்றேன். எழுந்து அடுக்களைக்குப் போய் மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்து, அவர்களுக்கு எதிரில் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். சசி தண்ணீரை நீட்டினார்.